பெட்டகமும் பேரேடும்

சங்கத்து உதவி நிதியின் கணக்கைக் கணிப்பொறியில் படமாகக் காட்டியது எவ்வாறு என்று அன்பர்கள் சிலர் என்னிடம் வினவினர். ஒவ்வொருவர்க்கும் தனித்தனியே விடை கூறுவதைவிட இதழிலேயே எழுதிவிடுக என்று ஆசிரியர் பணித்தார். நான் பெரும்படிப்புப் படித்தவன் அல்லன். பத்தாம் வகுப்புத் தேறியவன். தந்தையார் மறைந்தபின் கருணை அடிப்படையில் ரயில்வேயில் கடைநிலை ஊழியனாகச் சேர்ந்து, துறைத்தேர்வு எழுதிக் குமாஸ்தா ஆனேன். நாக்பூரில் சரக்கு அலுவலகத்தில் ரசீது எழுதுவது என் தொழில். ஆதலால் இக்கட்டுரையில் அறிஞர்க்குப் புதிது ஒன்றும் இராது. என்னைப்போல் தட்டித் தடவிக் கற்பவர்க்கு ஏதேனும் பயன்படலாம். நான் செய்த பிழை ஒன்றையும் மறையாது கூற வேண்டியுள்ளது. அதன் பொருட்டே எழுதவும் இசைந்தேன்.

உதவி நிதி இன்னது என்று புதிதாக வந்த குடும்பத்தார்க்குச் சொல்லுதல் வேண்டும். பிழைக்க வந்த இடத்தில் திடீரென்று மருத்துவச் செலவு வரும். பிள்ளையின் பள்ளிக் கட்டணத்திற்கு நாள் குறித்துவிடுவார்கள். ஊரில் நெருங்கிய உறவினர் தவறிவிட்டார் என்று நள்ளிரவில் செய்தி வரும். அத்தகைய நேரத்தில் நம்மவர் வட்டிக்காரன் வாயிலில் நிற்கக் கூடாது என்று மூத்தவர்கள் தொடங்கியது இந்நிதி. வட்டி கிடையாது. பத்துத் தவணைகளில் திருப்பித் தருதல் வேண்டும்.

என் தந்தையார் இறந்தபோது எனக்கு வயது 19. இறுதிக் கடன்களுக்கு அம்மா இந்நிதியிலிருந்தே பணம் பெற்றார். அக்காலத்தில் ஆண்டுக் கூட்டத்தில் கடன் பெற்றோர் பெயர்களை உரக்கப் படிப்பது வழக்கம். எங்கள் குடும்பத்தின் பெயர் படிக்கப்பட்டபோது அம்மா தலை நிமிரவில்லை. வீடு திரும்பும் வழியில், "அவர்கள் செய்த உதவியை நாம் மறக்கக் கூடாது. ஆனாலும் பேரை வாசிக்காமல் இருந்திருக்கலாம்" என்று ஒருமுறை சொன்னார். அதன்பின் அதைப்பற்றிப் பேசியதில்லை. இப்போதைய பொருளாளர் பொறுப்பேற்றதும் அவ்வழக்கத்தை நிறுத்தினார். பேரேடு அவர் வீட்டு இரும்பு அலமாரியில் பூட்டியே இருக்கும்.

சென்ற ஆண்டு செயற்குழுவில் இந்நிதியைப்பற்றி ஒரு வழக்கு எழுந்தது. கொடுத்த பணம் திரும்புவதில்லை, ஆகவே தவணை தவறியவர்க்குத் தண்டம் விதிக்க வேண்டும், இல்லையேல் நிதியை மூடிவிட வேண்டும் என்று உறுப்பினர் சிலர் வற்புறுத்தினர். பணம் திரும்பத்தான் செய்கிறது என்றார் பொருளாளர். ஆயினும் ஆறாண்டுக் கணக்கைக் கையால் எழுதிய தடித்த பேரேட்டில் புரட்டிப் புரட்டி அதனை மெய்ப்பிப்பது அவர்க்கு இயலவில்லை. கூட்டம் முடிந்ததும் என்னை அழைத்தார். "தம்பி, இதைப் பார்த்த மாத்திரத்தில் விளங்கும்படி செய்ய வழி உண்டா?" என்று கேட்டார். "முயன்று பார்க்கிறேன், ஐயா" என்றேன்.

கணக்கைப் படமாக்கினால் விளங்கும் என்பதில் எனக்கு ஐயம் இல்லை. எங்கள் கட்டுப்பாட்டு அறையில் வண்டிகளின் ஓட்டத்தைக் கோட்டுப் படமாகவே வரைவர். குறுக்கே மணிகள், நெடுக்கே நிலையங்கள். ஒவ்வொரு வண்டியும் ஒரு சாய்ந்த கோடு. விரைவு வண்டியின் கோடு செங்குத்தாக ஏறும். சரக்கு வண்டியின் கோடு சாய்ந்து செல்லும். கோடு படுத்துவிட்டால் வண்டி நின்றுவிட்டது என்பது பொருள். பக்கம் பக்கமாக நேர அட்டவணையைப் படித்தாலும் தோன்றாத தடை ஒன்று அப்படத்தில் நொடியில் புலப்படும். வாணிகக் கணக்கைக் கோட்டுப் படமாகவும் பட்டைப் படமாகவும் அச்சிட்டு வெளியிட்டவர் வில்லியம் பிளேஃபேர் என்னும் ஸ்காட்லாந்துக்காரர். அவருடைய நூல் வெளிவந்த ஆண்டு 1786. அன்று முதல் எண்ணைக் கண்ணுக்குக் காட்டும் கலை வளர்ந்து வந்துள்ளது.

கணக்கை ஏதேனும் ஓர் இணையதளத்தில் ஏற்றிவிட்டால் அதுவே இலவசமாகப் படம் வரைந்து தரும் என்று சங்கத்து இளைஞர் ஒருவர் கூறினார். அவர் புனேயில் மென்பொருள் நிறுவனத்தில் பணிபுரிபவர். என்னிடம் அன்பு மிக்கவர். எனினும் எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. யார் எந்த மாதம் எதற்காகக் கடன் வாங்கினார், எத்தனை தவணை தவறினார் என்பதெல்லாம் அப்பேரேட்டில் உள்ளன. ஒரு குடும்பத்தின் நோயும் சாவும் வேலையிழப்பும் அதில் வரிசையாக எழுதப்பட்டுள்ளன. பூட்டிய அலமாரியில் இருப்பதை முகம் அறியாதவர் கணிப்பொறிக்கு அனுப்ப நமக்கு உரிமை ஏது? இதனைச் சொன்னதும் அவர் சற்று நேரம் பேசாதிருந்தார். பின்பு, "அப்படியானால் அந்தக் கருவியையே உங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்துவிடலாம், அண்ணா. கணக்கு வெளியே போகாது" என்றார்.

அவர் குறித்த கருவி மெட்டாபேஸ் என்பது. தரவுத்தளம் ஒன்றில் உள்ள எண்களைக் கேட்டு வாங்கிக் கோடாகவும் பட்டையாகவும் வட்டமாகவும் வரைந்து காட்டும். அதன் மூலநிரல் வெளிப்படையானது; கட்டணமின்றிக் கிடைக்கும் பதிப்பு உண்டு. அதனை நம் கணிப்பொறியிலேயே இயக்குதற்கு எளிய வழி டாக்கர் என்னும் பெட்டக முறை. பெட்டகம் என்றவுடன் எனக்குப் பாதி விளங்கிவிட்டது. ஏனெனில் அது எங்கள் தொழிலிலிருந்து போன சொல்.

முன்னாளில் சரக்கு என்றால் மூட்டையும் தகரமும் கூடையும் பீப்பாயுமாகத் தனித்தனியே வரும். மீட்டர் பாதையிலிருந்து அகலப் பாதைக்கு மாறும் நிலையத்தில் அத்தனையையும் இறக்கி மறுபடி ஏற்றுவர். உடைவதும் ஒழுகுவதும் களவு போவதும் மாறிப் போவதும் அங்கேதான். 1956 ஏப்ரல் 26 அன்று, மால்கம் மெக்லீன் என்னும் அமெரிக்க லாரி முதலாளியின் ஏற்பாட்டில், ஐடியல் எக்ஸ் என்ற கப்பல் 58 பெட்டகங்களைச் சுமந்து நியூவார்க் துறைமுகத்திலிருந்து ஹூஸ்டனுக்குப் புறப்பட்டது. சரக்கை எடுத்து அடுக்காமல் பெட்டியையே தூக்கி வைக்கும் முறை அதன்பின் உலகெங்கும் பரவிற்று. இன்று 20 அடி, 40 அடி என்று அளவு வகுத்த பெட்டகம் கப்பலிலும் லாரியிலும் ரயிலிலும் ஒன்றுபோல் பொருந்தும். உள்ளே இருப்பது மிளகாயா இயந்திரமா என்று பாரந்தூக்கிக்குக் கவலை இல்லை. நம் நாட்டில் இதற்கென்றே இந்தியக் கண்டெய்னர் கழகம் 1988-இல் நிறுவப்பட்டது.

மென்பொருளுக்கும் அதே தொல்லை இருந்தது. ஒருவர் கணிப்பொறியில் நன்கு ஓடும் செயலி மற்றொருவர் கணிப்பொறியில் ஓடாது. அதற்கு வேண்டிய துணைநிரல் அங்கே இராது. இருப்பினும் வேறு பதிப்பாக இருக்கும். மெட்டாபேஸுக்கு ஜாவா வேண்டும். என் மடிக்கணினியில் அஃது இல்லை. 2013-இல் வெளிவந்த டாக்கர் இதற்கு ஒரு வழி செய்தது. செயலியையும் அதற்கு வேண்டிய துணைப்பொருள் யாவற்றையும் ஒன்றாகக் கட்டி, மாற்றமுடியாத படிமம் ஒன்றாக ஆக்கிவிடுகிறார்கள். அப்படிமத்தை இறக்கி ஓடவிட்டால் அதுவே பெட்டகம். ஒரு படிமத்திலிருந்து எத்தனை பெட்டகங்களையும் எழுப்பலாம்.

முழுக் கணிப்பொறி ஒன்றையே மற்றொன்றினுள் போலியாக எழுப்பும் முறை முன்பே உண்டு. அது பெட்டிக்கு ஓர் எஞ்சின் பூட்டுவது போன்றது, சுமை மிகுதி. டாக்கர் பெட்டகங்களோ ஒரே எஞ்சின் இழுக்கும் தொடரில் ஏற்றியவை. அடியில் ஓடும் லினக்ஸ் கருவகம் ஒன்றே. ஒரு பெட்டகம் மற்றொன்றின் உள்ளே பார்க்காதபடி தடுப்பு மட்டும் இருக்கும். என் மடிக்கணினி விண்டோஸ் முறையில் ஓடுவது. ஆகவே டாக்கர் அதனுள் சிறிய லினக்ஸ் ஒன்றை அமைத்துக்கொண்டு அதன்மேல் பெட்டகங்களை ஓட்டியது. எட்டு ஜிபி நினைவகம் இவ்வேலைக்குப் போதுமாயிற்று.

மே மாத நாக்பூர் வெயிலில், கூலரின் முன்னே அமர்ந்து, இரண்டு பெட்டகங்களை எழுப்பினேன். ஒன்றில் மெட்டாபேஸ். மற்றொன்றில் கணக்கைச் சேமித்துவைக்கும் போஸ்ட்கிரஸ் தரவுத்தளம். பேரேட்டைப் பொருளாளர் வீட்டிலேயே உட்கார்ந்து நான்கு ஞாயிறுகளில் அட்டவணையாகத் தட்டெழுதினேன். பெயர்களை எழுதவில்லை. குடும்பத்திற்கு ஓர் எண் கொடுத்தேன். எந்த எண் யாருடையது என்னும் குறிப்பு பொருளாளரின் அலமாரியிலேயே தங்கிற்று.

முதற் பிழை உடனே நேர்ந்தது. மெட்டாபேஸிடம் தரவுத்தளம் எங்கே உள்ளது என்று கூற வேண்டும். இரண்டும் என் கணிப்பொறியிலேயே உள்ளனவல்லவா? ஆகவே 'லோக்கல்ஹோஸ்ட்' என்று எழுதினேன். இவ்விடத்தே என்பது அதன் பொருள். தொடர்பு கிடைக்கவில்லை என்று மறுத்துவிட்டது. இரண்டு மாலைகள் வீணாயின. தொலைபேசியில் புனே இளைஞர் சிரித்தார். "அண்ணா, பெட்டகத்துக்கு உள்ளே இருந்து 'இவ்விடம்' என்றால் அந்தப் பெட்டகம்தான். உங்கள் கணிப்பொறி அதற்கு வெளியூர்" என்றார். அந்த விளக்கம் எனக்கு உடனே பதிந்தது. என் அம்மா ஊர் என்றால் திருநெல்வேலிப் பக்கத்துச் சிற்றூர்; என் மகன் ஊர் என்றால் நாக்பூர். சொல் ஒன்றே, நிற்கும் இடம் வேறு. பின்பு கம்போஸ் என்னும் முறைப்படி ஒரே கோப்பில் இரண்டு பெட்டகங்களையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்தேன். அவ்வாறு எழுதினால் டாக்கர் இரண்டையும் ஒரே உள்வலையில் சேர்த்துவிடுகிறது. அதன்பின் 'இவ்விடம்' என்று எழுதாமல் தரவுத்தளத்தின் பெயரையே எழுதினேன். கதவு திறந்தது.

இரண்டாம் பிழை பெரிது. படங்கள் பத்துக்கு மேல் வரைந்த பின்னர் மெட்டாபேஸின் புதிய பதிப்பு வந்தது. பழைய பெட்டகத்தை நீக்கிவிட்டுப் புதியதை எழுப்பினேன். படங்கள் ஒன்றுகூட இல்லை! பெட்டகத்தினுள் எழுதப்படுவது பெட்டகத்தோடு போய்விடும். வெளியே நிலையான சேமிப்பிடம் ஒன்றை வகுத்து, அதனைப் பெட்டகத்தோடு இணைத்திருத்தல் வேண்டும். அதற்கு வால்யூம் என்று பெயர். பேரேட்டுத் தரவுக்கு அவ்வாறு செய்திருந்தேன். மெட்டாபேஸ் தன் படங்களைத் தன்னுள்ளேயே ஒரு சிறு கோப்பில் வைத்துக்கொள்கிறது என்பதை அறியாமல் அதனை விட்டுவிட்டேன். இப்போது படங்களையும் போஸ்ட்கிரஸிலேயே வைக்கும்படி அமைத்துள்ளேன். பெட்டகத்தை எத்தனை முறை நீக்கினாலும் சரக்குக்குக் கேடில்லை. அதன் நகல் ஒன்றும் தனியே உள்ளது.

மூன்றாவதை என் மகன் கண்டுபிடித்தான். மெட்டாபேஸ் 3000 என்னும் எண்ணுடைய வாயிலில் திறக்கிறது. ஒருநாள் அவன் அடுத்த அறையிலிருந்து, "அப்பா, உங்கள் கணக்குப் பக்கம் என் போனிலும் வருகிறது" என்று கூவினான். திடுக்கிட்டேன். கடவுச்சொல் கேட்டு நின்றது உண்மை. ஆயினும் வீட்டு வைஃபையில் இணைந்த எவர்க்கும் வாயில்வரை வழி இருந்தது. வாயிலை வகுக்கும்போது எண்ணை மட்டும் கொடுத்தால், கணிப்பொறிக்குள் வரும் எல்லா வழிகளிலும் அது திறந்துகொள்கிறது. எண்ணுக்கு முன் 127.0.0.1 என்னும் முகவரியையும் எழுதினால், அக்கணிப்பொறியில் அமர்ந்தவர்க்கு மட்டுமே திறக்கும். அவ்வாறே திருத்தினேன். பெயர் குறியாது பயன்பாட்டுச் செய்திகளை வெளியே அனுப்பும் அமைப்பையும் அணைத்தேன். பின்பு இணையத்தைத் துண்டித்துவிட்டுப் பார்த்தேன். படங்கள் முன்போலவே வந்தன. அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினேன்.

செயற்குழு கூடிற்று. சங்கக் கூடத்துத் தொலைக்காட்சிப் பெட்டியில் மடிக்கணினியை இணைத்தேன். முதற்படம் இரண்டு கோடுகள். கொடுத்த தொகை ஒன்று. திரும்பிய தொகை ஒன்று. ஆறாண்டுகளிலும் ஜூன் மாதத்தில் முதற்கோடு உயர்ந்தது. மே தொடங்கி ஜூலை வரை இரண்டாவது தாழ்ந்தது. கோடை விடுமுறைக்கு ஊர் சென்று வந்த செலவும், பள்ளி திறக்கும் செலவும் ஒருங்கே வரும் காலம் அது. அக்டோபரில் இரண்டாம் கோடு எழுந்தது. எம்போன்ற ரயில்வே ஊழியர்க்குப் போனஸ் கைக்கு வரும் காலம் அதுவே. தவணை தவறியவர்களில் ஏறக்குறைய எல்லாரும் தீபாவளிக்குள் கட்டிவிட்டிருந்தனர். பணம் தாமதமாயிற்றேயன்றி ஓடிவிடவில்லை. நிதியை மூட வேண்டும் என்றவர்களே நெடுநேரம் அக்கோட்டைப் பார்த்தனர். "நாம் தவறான மாதத்தில் கேட்டுக்கொண்டிருந்தோம்" என்றார் அவர்களுள் ஒருவர். பொருளாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

அந்த மகிழ்ச்சியில் நான் நிறுத்தியிருக்க வேண்டும். இன்னொரு படமும் வைத்திருந்தேன். குடியிருப்புப் பகுதி வாரியாக எவ்வளவு பாக்கி என்னும் பட்டைப் படம். பார்ப்பதற்கு அழகாக இருந்தது. அதனைத் திரையில் காட்டினேன். ஒரு பகுதியின் பட்டை மற்றவற்றினும் மிக உயரமாக நின்றது. அப்பகுதியில் நம்மவர் குடும்பம் ஒன்றே ஒன்றுதான் உள்ளது என்பது அங்கிருந்த அனைவர்க்கும் தெரியும். அக்குடும்பத் தலைவரும் செயற்குழுவில் உறுப்பினர். சுவர் ஓரமாக அமர்ந்திருந்தார். யாரும் ஒன்றும் பேசவில்லை. அவர் தலை மெல்லக் கவிழ்ந்தது. அந்தத் தலைகுனிவை நான் முன்பே பார்த்திருக்கிறேன். எனக்கு வயது 19 ஆக இருந்தபோது பார்த்தேன்.

படத்தை அணைத்தேன். ஆனால் கண்டதைக் காணாததாக்க எந்தப் பொத்தானும் இல்லை.

எத்தனைக் காவல் வைத்தேன்! வெளித்தளத்திற்கு அனுப்பவில்லை. பெயரை நீக்கினேன். வைஃபை வாயிலை அடைத்தேன். பெட்டகத்திலிருந்து ஒன்றும் கசியவில்லை. நானே படமாக வரைந்து வெளியே எடுத்து வந்து கூடத்தில் காட்டிவிட்டேன். 1854-இல் லண்டனில் காலரா பரவியபோது ஜான் ஸ்னோ என்னும் மருத்துவர் சாவு நேர்ந்த வீடுகளை வரைபடத்தில் குறித்தார். பிராட் தெருவின் குடிநீர்க் குழாயைச் சுற்றி அக்குறிகள் குவிந்து நின்றன. நோய் நீரால் பரவுகிறது என்பதற்கு அது பெருஞ்சான்று ஆயிற்று. வீட்டைச் சுட்டும் படத்திற்கு அவ்வளவு ஆற்றல் உண்டு. அதே ஆற்றல்தான் எங்கள் கூடத்தில் ஒருவரைச் சுட்டிற்று. அங்கே சுட்டியதால் உயிர் காக்கும் அறிவு பிறந்தது. இங்கே பிறந்தது என்ன? பகுதி வாரியாகப் பார்ப்பதால் எங்கள் முடிவுக்கு ஒரு பயனும் இல்லை. கருவி வரைந்து தருகிறது என்பதற்காகவே வரைந்தேன்.

மறுநாள் மாலை அவர் வீட்டுக்குச் சென்றேன். அம்மாவும் உடன் வந்தார். "மன்னிக்க வேண்டும், அண்ணாச்சி" என்றேன். "விடுங்க தம்பி, பேர் போடவில்லையே" என்றார் அவர். அவர் மனைவியார் உள்ளேயிருந்து தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, எங்கள் முகத்தைப் பாராமலே உள்ளே சென்றார். அம்மா எழுந்து சமையலறைக்குச் சென்று, அவரோடு நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தார். என்ன பேசினார் என்று நான் கேட்கவில்லை.

இப்போது நான் ஒரு விதி வைத்துக்கொண்டுள்ளேன். ஐந்து குடும்பங்களுக்குக் குறைந்த எத்தொகுதியையும் படத்தில் தனியே காட்டுவதில்லை, பிறவற்றோடு சேர்த்துவிடுகிறேன். குடிக்கணக்கு வெளியிடும் அரசு அலுவலகங்களும் மிகச் சிறிய எண்களை இவ்வாறு மறைப்பது உண்டு என்று பின்னர் அறிந்தேன். படத்தை வரையுமுன், இதனால் எந்த முடிவு எடுக்கப் போகிறோம் என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன். விடை இல்லையேல் வரைவதில்லை. தரவுத்தளத்திலிருந்து குடியிருப்புப் பகுதி என்னும் பத்தியையே நீக்கிவிட்டேன்.

நிதி மூடப்படவில்லை. தண்டமும் விதிக்கப்படவில்லை. மார்ச்சு முதல் ஜூன் வரை கடன் பெறுவோர் ஆகஸ்டிலிருந்து தவணை தொடங்கலாம் என்று செயற்குழு முடிவு செய்துள்ளது.

பிற ஊர்ச் சங்கத்தார் எவரேனும் இம்முறையைக் கையாள விரும்பினால், நான் எழுதிய கம்போஸ் கோப்பைத் தருவதற்குத் தடையில்லை. முப்பது வரிகூட இராது. ஞாயிறு மாலைகளில் சங்கக் கூடத்தில் இருப்பேன். வரும்போது தங்கள் பேரேட்டைக் கொண்டுவர வேண்டா. பழகுவதற்கென்றே பொய்க்கணக்கு ஒன்றை எழுதி வைத்திருக்கிறேன். முதலில் அதில் பழகிக்கொள்வோம்.